செல்ஃப் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை: 1997 டாட்ஜ் ராம், டீசலை நிறுத்தும் சொலனாய்டு

பனிச்சாலை:

எல்லோருக்கும் வணக்கம். எட்மன்டனில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் 1997ஆம் ஆண்டு டாட்ஜ் ராம் 2500 இருக்கிறது. 5.9 லீற்றர் கம்மின்ஸ், 12 வால்வு, கையால் கியர் மாற்றுவது. வேலைக்கும் இதுதான், வீட்டுக்கும் இதுதான்.

குளிர் தொடங்கியதில் இருந்து ஒரு கோளாறு. திறப்பைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பற்றுவதில்லை. விட்டுவிட்டு முயன்றால் ஒரு கட்டத்தில் சட்டென்று பற்றிக்கொள்ளும். அதன்பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. இழுவை, சத்தம் எல்லாம் முன்பு போலத்தான்.

கராச்சில் காட்டினேன். டீசல் பம்ப் போய்விட்டது, கழற்றி ரீபில்ட் செய்ய வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை இந்த வாகனத்தின் விலையில் பெரிய பங்கு. கூட வேலை செய்யும் ஒருவர், பம்ப்பைத் தொடாதே, பக்கத்தில் இருக்கும் சட்ஓஃப் சொலனொயிட்டை, அதாவது டீசலை மின்சாரத்தால் திறந்து மூடும் உருளையை, மாற்று என்கிறார். அதுவும் மலிவில்லை. ஏதாவது ஒன்றை வாங்குவதற்கு முன், எது பழுது என்று நானே பார்த்து உறுதி செய்ய முடியுமா?

பட்டறை_நாமக்கல்:

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருகிறதா, இல்லையா? யாரையாவது பின்னால் நிற்க வைத்துப் பாருங்கள்.

டீசல் உள்ளே போய் எரியாமல் வந்தால் வெள்ளையாகப் புகை வந்தே தீரும், குளிரில் இன்னும் நன்றாகத் தெரியும். புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. கம்ப்ரெஷன், டைமிங், நாசில் பற்றியெல்லாம் அதுவரை யோசிக்கவே வேண்டாம்.

உங்கள் இஞ்சின் எங்களுக்குப் புதிதல்ல. டாடாவும் கம்மின்ஸும் 1993இல் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய கம்பெனி இதே பி வரிசை இஞ்சினைத்தான் போட்டுக் கொடுத்தது. ஆனால் எங்கள் பழைய வண்டிகளில் டேஷ்போர்டில் ஒரு கேபிள் இருக்கும். அதை இழுத்தால் பம்ப்பின் ஸ்டாப் லீவர் இறங்கி வண்டி நிற்கும், கரண்ட் சமாச்சாரமே கிடையாது. உங்கள் வண்டியில் அதே லீவரைக் கேபிளுக்குப் பதிலாக சொலனாய்டு தூக்குகிறது. ஆகவே பார்க்க வேண்டிய லீவர் ஒன்றுதான், அதைத் தூக்குகிறவன்தான் வேறு.

பனிச்சாலை:

நன்றி அண்ணா. மனைவியைப் பின்னால் நிற்க வைத்துப் பார்த்தேன். பற்றாத நேரத்தில் துளிப் புகையும் இல்லை. பற்றுகிற நேரத்தில் வெள்ளைப் புகை வந்து, உடனே ஓடத் தொடங்குகிறது. டாங்கில் இருந்து டீசலை இழுக்கும் சின்ன ஃபீட் பம்ப்பில் உள்ள கைப் பித்தானை அமுக்கிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருக்கிறது. டீசல் ஃபில்டர் இந்த இலையுதிர் காலத்தில் மாற்றியது.

பட்டறை_நாமக்கல்:

டீசல் லைனில் ஏர் (காற்று) எடுத்திருந்தால் இப்படி வராது. ஏர் எடுத்த வண்டி பிடித்தும் பிடிக்காமலும் திணறும், கொஞ்சம் புகை விடும், பிடித்த பிறகும் தடுமாறும். உங்களுக்கு வந்தால் முழுசாக வருகிறது, இல்லாவிட்டால் சுத்தமாக இல்லை. யாரோ வாசலை மூடியிருக்கிறார்கள். லீவரைப் பாருங்கள். மின்சார வேலைக்கு ஆட்டோமின்_கோவை வரட்டும், அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

ஆட்டோமின்_கோவை:

வந்துவிட்டேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்த சொலனாய்டைக் குற்றமே இல்லாமல் கழற்றி எறிபவர்கள் அதிகம்.

1994 முதல் 1998 நடுப்பகுதி வரை வந்த 12 வால்வு ராமில் பாஷ் பி7100 இன்லைன் பம்ப் இருக்கும். அதன் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் உருளைதான் சொலனாய்டு. அதன் தடி மேலே போனால் லீவர் ஓடும் நிலைக்குப் போகும், கீழே விழுந்தால் பம்ப்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் மூடி டீசல் நிற்கும். (1998 நடுவில் வந்த 24 வால்வு வண்டியில் விபி44 என்ற எலக்ட்ரானிக் பம்ப். அதில் வெளியே இப்படி எதுவும் இல்லை. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் இந்த முறையை முயல வேண்டாம்.)

சொலனாய்டுக்குள் ஒன்றல்ல, இரண்டு காயில் உண்டு. வெள்ளை ஒயர் இழுக்கும் காயிலுக்கு, சிவப்பு பிடித்து வைக்கும் காயிலுக்கு, கறுப்பு எர்த். சாவியை ஆன் செய்ததும் சிவப்புக்குக் கரண்ட் வரும். அந்தக் காயில் ஒரு ஆம்பியர் அளவுதான் எடுக்கும். தடியைத் தூக்கும் பலம் அதற்கு இல்லை, மேலே போய்ச் சேர்ந்த தடியை விழாமல் வைத்திருக்க மட்டுமே முடியும். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் ஒரு ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இணைக்கும் ஸ்விட்ச்) வழியாக வெள்ளைக்குக் கரண்ட் போகும். அது 40 ஆம்பியர் அக்கம்பக்கம் இழுக்கும். கனத்த கதவைத் தள்ளித் திறக்க ஆள் வேண்டும், திறந்த பிறகு அது மூடாமல் இருக்க ஒரு கல் போதும் அல்லவா, அப்படித்தான். இழுக்கும் காயிலுக்குச் சில வினாடிக்கு மேல் தொடர்ந்து கரண்ட் கொடுத்தால் கருகிவிடும்.

இப்போது சோதனை. கருவி எதுவும் தேவையில்லை. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். தடியைக் கையால் மேலே முழுசாகத் தூக்கி விட்டுவிடுங்கள். அது அப்படியே நின்றால் சிவப்புக் கரண்ட் வருகிறது, பிடிக்கும் காயில் நன்றாக இருக்கிறது, கறுப்பு எர்த்தும் அந்த அளவுக்காவது இருக்கிறது. சாவியை ஆஃப் செய்ததும் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் தடியோ லீவரோ இறுகியிருக்கிறது.

தடி மேலே நின்ற நிலையில் செல்ஃப் அடியுங்கள், ஆனால் கை அங்கே இருக்கக் கூடாது. யாரையாவது சாவியில் உட்கார வையுங்கள். சொலனாய்டு இழுக்கும் வேகத்துக்கு விரல் நசுங்கும், பக்கத்திலேயே பெல்ட்டும் விசிறியும் வேறு.

பனிச்சாலை:

செய்தேன். இன்று காலை வழக்கம்போலப் பற்றவில்லை. அப்போது மகனை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லி எட்டி நின்று பார்த்தேன், தடி கொஞ்சம் துடித்ததே தவிர எழும்பவில்லை. நிறுத்தச் சொல்லிவிட்டு, திறப்பு ஓனில் இருக்க நானே தூக்கினேன். மேலே போய் அப்படியே ஒட்டிக்கொண்டது. கையை எடுத்த பிறகு ஸ்டார்ட்டர் அடித்தோம். அரைச் சுற்றிலேயே பற்றியது! திறப்பை எடுத்ததும் விழுந்தது, எஞ்சின் நின்றது.

அப்படியென்றால் பம்ப் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஆட்டோமின்_கோவை:

எடுத்துக்கொள்ளுங்கள். வாசலைக் கையால் திறந்ததும் அந்த வேகத்தில் பிடித்த பம்ப்பைக் கழற்றச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

மிச்சம் இருப்பது இழுக்கும் பக்கம் மட்டும். இழுக்கும் காயில், அதற்குப் போகும் வெள்ளை ஒயர், ரிலே, ரிலேவுக்கு பேட்டரியில் இருந்து வரும் கனமான ஒயர், அப்புறம் கறுப்பு எர்த். பிடிக்கும் காயிலுக்குப் போதுமான எர்த் 40 ஆம்பியருக்குப் போதாமல் இருக்கலாம், ஆகவே எர்த்தை இன்னும் விடுவிக்கவில்லை.

ஷெட்_மணி:

இவ்வளவு எதற்கு? தடி தூக்கவில்லை, காயில் போச்சு. மல்டிமீட்டரில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஓம் பார்த்தால் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டும், அதாவது ஷார்ட். எனக்குத் தெரிந்து ரெண்டு வண்டியில் அப்படித்தான் இருந்தது. சொலனாய்டை மாற்றிவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஆட்டோமின்_கோவை:

மணி அண்ணே, அந்த ரெண்டு வண்டியிலும் காயில் நன்றாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. 12 வோல்ட்டில் 40 ஆம்பியர் எடுக்கும் காயிலுக்கு எவ்வளவு ஓம் இருக்கும்? 0.3தான். சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 காட்டும். நல்ல இழுக்கும் காயில் அந்த மீட்டரில் ஷார்ட் போலத்தான் தெரியும். அறவே திறந்து கிடந்தால் மட்டும் மீட்டர் உண்மையைச் சொல்லும். பிடிக்கும் காயிலை மீட்டரில் அளக்கலாம், சிவப்புக்கும் கறுப்புக்கும் 12, 13 ஓம் அளவில் வரும்.

இழுக்கும் காயிலை அளப்பதை விட வேலை வாங்கிப் பார்ப்பது நல்லது. கனெக்டரைக் கழற்றுங்கள். கனமான ஒயரில் சொலனாய்டின் கறுப்பைப் பேட்டரி நெகட்டிவுக்குக் கொடுங்கள், வெள்ளைக்கு பாசிட்டிவை ஒரு வினாடி தொட்டு எடுங்கள். 'டங்' என்று முழுசாக மேலே அடித்தால் காயில் நல்லது. அதற்கு மேல் தொட்டுக்கொண்டே இருக்காதீர்கள், நல்ல காயிலை நாமே எரித்துவிடுவோம்.

அடுத்தது வோல்ட். இங்கேதான் பெரும்பாலானோர் வழி தவறுகிறார்கள். கனெக்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு, செல்ஃப் அடித்து, வெள்ளையில் 11 வோல்ட் வருகிறது, ஒயரிங் நல்லது என்று முடிவு கட்டிவிடுவார்கள். மீட்டர் கரண்டே எடுப்பதில்லை. பச்சைப் பூத்து ஒரே ஒரு இழை மிஞ்சியிருக்கும் ஒயரிலும் அது முழு வோல்ட்டைக் காட்டும். 40 ஆம்பியர் கேட்டால்தான் அந்த ஒயரின் நிஜம் தெரியும். கனெக்டர் மாட்டியபடியே இருக்க வேண்டும், அதன் பின்பக்கம் வழியாக முள் நுழைத்து, செல்ஃப் அடிக்கும்போது அளக்க வேண்டும். அதே நேரத்தில் பேட்டரி முனையில் எவ்வளவு என்பதையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே எத்தனை வோல்ட் காணாமல் போகிறதோ அதுதான் நமக்கு வேண்டியது.

பனிச்சாலை:

மிக்க நன்றி. வரிசையாகச் செய்தேன்.

நேரடியாகப் பற்றரியில் இருந்து கொடுத்தபோது சொலனொயிட் பலமாக மேலே அடித்தது. குளிரிலும் தயக்கம் இல்லை. ஆகவே அதை வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

கனெக்டர் கழன்றிருந்தபோது, ஸ்டார்ட்டர் சுற்றும்போது வெள்ளையில் 10.5 வோல்ட். மாட்டிவிட்டு அளந்தால் 5க்குக் கீழே! அதே நேரம் பற்றரியில் 10.6. எர்த் பக்கத்தையும் பார்த்தேன், கறுப்பு வயருக்கும் பற்றரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2தான்.

ஆட்டோமின்_கோவை:

அருமை. எர்த் விடுதலை, காயில் விடுதலை. காணாமல் போகும் வோல்ட் முழுவதும் பாசிட்டிவ் பக்கம்தான். இப்போது மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி பாசிட்டிவில் வைத்து, மற்றதை ஒவ்வொரு இடமாக நகர்த்துங்கள். ரிலேவுக்குள் வரும் முனை, ரிலேவில் இருந்து வெளியேறும் முனை, கடைசியில் சொலனாய்டு. ஒவ்வொரு முறையும் செல்ஃப் அடிக்க வேண்டும். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே எண் எகிறுகிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறான்.

அதுவரை, சாலையில் சிக்கினால் தடியைக் கையால் தூக்கிவிட்டு ஓட்டலாம். மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

எல்ஃப்_கிளிநொச்சி:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். என்னுடையது பழைய இசுசு எல்ஃப், 4ஜேபி1 எஞ்சின். என்னிடமும் இதே மாதிரி சுற்றும், பற்றாது. ஆனால் வெளியே தடியோ லீவரோ எதுவும் அசைவதாகக் காணவில்லை. பம்பின் தலையில் ஒரே ஒரு வயர் போகும் சின்ன உருளைதான் இருக்கிறது. இது வேறா?

பட்டறை_நாமக்கல்:

வேறுதான். உங்களுடையது விஇ வகை ரோட்டரி பம்ப். அந்தச் சின்ன உருளைக்குள் ஒரு ஊசி, ஒரு ஸ்பிரிங். சாவி ஆனில் கரண்ட் வந்தால் ஊசி உள்ளே இழுத்து டீசல் வழியைத் திறக்கும். கரண்ட் போனால் ஸ்பிரிங் தள்ளி மூடும். காயில் ஒன்றுதான், ஒயரும் ஒன்றுதான், எர்த் பம்ப் உடம்பு வழியாக.

சாவியை ஆன் செய்துவிட்டு வயரைக் கழற்றி மறுபடி தொடுங்கள். ஒவ்வொரு தொடலுக்கும் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பேட்டரி பாசிட்டிவில் இருந்து தனி ஒயர் போட்டுத் தொட்டுப் பாருங்கள். அப்போது டிக் கேட்டு வண்டியும் பிடித்தால் ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், வழியில் உள்ள ஒயர், இவற்றில் ஒன்று. அப்போதும் கேட்காவிட்டால் சொலனாய்டு. டிக் கேட்டும் வண்டி பிடிக்கவில்லை என்றால் கழற்றி ஊசியைப் பாருங்கள், தண்ணீர் கலந்த டீசலில் துருப்பிடித்து அரைகுறையாக நிற்கும். ஒன்று முக்கியம், முதலில் பேட்டரி 12ஆ 24ஆ என்று பாருங்கள். எல்ஃபில் இரண்டு விதமும் உண்டு, வாங்கும்போது மாறிவிட்டால் புதுசும் எரிந்துபோகும்.

எல்ஃப்_கிளிநொச்சி:

இங்கே சிலர் ஊசியையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு உருளையை மட்டும் பூட்டி ஓடுகிறார்கள். செய்யலாமா?

பட்டறை_நாமக்கல்:

வீடு வந்து சேர மட்டும் செய்யலாம். அதன்பிறகு சாவியைப் பிடுங்கினாலும் வண்டி நிற்காது, கியரில் போட்டு பிரேக்கை அழுத்தி கிளட்ச்சை விட்டுத்தான் அணைக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் அதற்கும் வழியில்லை. கழற்றும்போது சுற்றி நன்றாகத் துடையுங்கள், ஒரு மணல் துகள் உள்ளே போனால் பம்ப் தலை காலி. அந்த நிலையில் இன்னொருவர் கையில் வண்டியைக் கொடுக்கவே கூடாது.

பனிச்சாலை:

பிடித்துவிட்டேன்! ரிலேவுக்குள் வரும் முனை வரைக்கும் 4 வோல்ட் காணாமல் போகிறது. பற்றரியில் இருந்து ரிலேவுக்கு வரும் வயரின் வளையம் வெளியே பார்க்க நன்றாக இருந்தது. உறையைக் கத்தியால் கீறினால் உள்ளே முழுக்கப் பச்சைத் தூள். இங்கே குளிர்காலம் முழுவதும் தெருவில் உப்புப் போடுவார்கள், அது உறைக்குள் ஏறியிருக்கிறது. ரிலேவுக்குள்ளேயும் ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது. உடைத்துப் பார்த்தேன், தொடுமுனைகள் குழி விழுந்து கறுத்திருக்கின்றன.

ஆட்டோமின்_கோவை:

குளிரில் மட்டும் வந்ததற்கும் இப்போது காரணம் புரியும். அந்த வண்டியில் இன்டேக்கில் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டர் இருக்கிறது, அது பேட்டரியைக் கடுமையாக உறிஞ்சும். குளிர்ந்த ஆயிலில் செல்ஃபுக்கும் கூடுதல் கரண்ட் வேண்டும். கோடையில் எப்படியோ தடியைத் தூக்கப் போதுமாக இருந்த வோல்ட், குளிரில் போதவில்லை.

பச்சை போகும் வரை ஒயரை வெட்டி, புது வளையம் அழுத்தி, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள். ரிலேயை மாற்றுங்கள். தடியின் ரப்பர் உறைக்குள் உப்புச் சேறு இருந்தால் கழுவிவிடுங்கள்.

ஹூஸ்டன்_ராம்:

என் 1995 ராமில் கொஞ்சம் வேறு மாதிரி. செல்ஃப் அடிக்கும்போது பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைகிறது. சொலனாய்டை முந்தைய மாதம்தான் ஒரு கடையில் மாற்றினார்கள்.

ஆட்டோமின்_கோவை:

உங்களுக்கு இழுக்கும் பக்கம் நன்றாக இருக்கிறது, பிடிக்கும் பக்கம்தான் விட்டுவிடுகிறது. சாவி ஆனில் சிவப்பில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். இருந்தால், புது சொலனாய்டு என்பதால் எனக்கு முதலில் தடியின் நீளத்தின் மீதுதான் சந்தேகம். பிடிக்கும் காயில் பலவீனமானது. தடி மேலே கடைசி வரை போய் முட்டி உட்கார்ந்தால்தான் அதனால் பிடிக்க முடியும். நீளம் சரியாக வைக்காமல் பூட்டினால், லீவர் அதன் எல்லையைத் தொட்டுவிடும், தடிக்கு இன்னும் ஒரு மயிரிழை மிச்சம் இருக்கும். செல்ஃப் அடிக்கும் வரை பெரிய காயில் இழுத்து வைக்கும், விட்டதும் விழும். சாவி ஆனில் கையால் தூக்கிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் லீவரில் இருந்து தடியைக் கழற்றி, தனியாக மேலே தள்ளுங்கள். தனியாக ஒட்டினால் நீளம்தான், அட்ஜஸ்ட் செய்தால் போதும்.

ஹூஸ்டன்_ராம்:

தனியாக ஒட்டுகிறது. லீவரோடு சேர்த்தால் விழுகிறது. நட்டைத் தளர்த்தி நீளத்தைச் சரி செய்தேன், இப்போது நிற்கிறது. ஆனால் ஒரு யோசனை. நாமக்கல் அண்ணன் சொன்ன மாதிரி கேபிளே போட்டுவிடலாமா? இங்கே அதற்குத் தயாரான செட் விற்கிறார்கள்.

பட்டறை_நாமக்கல்:

கேபிள் நம்பகமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் ஊரில் அதை வைத்தே காலம் காலமாக ஓட்டினோம். ஆனால் வண்டி கவிழ்ந்தாலோ, முன்னால் தீப்பிடித்தாலோ, பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார்? சாவியைத்தான் திருப்புவார். உங்கள் வண்டியில் அது நிற்க வேண்டும் என்று வடிவமைத்திருக்கிறார்கள். கேபிள் போடுவதாக இருந்தால் வீட்டில் அந்த வண்டியை எடுக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போடுங்கள். ஒயரிங் சரியாக இருக்கும்போது எதற்கு என்பதுதான் என் எண்ணம்.

பனிச்சாலை:

புது வளையமும் புது ரிலேவும் போட்டாகிவிட்டது. இப்போது ஸ்டார்ட்டர் சுற்றும்போது வெள்ளையில் 10.1 வோல்ட், பற்றரியில் 10.5. இன்று வெளியே மைனஸ் 24, முதல் சுற்றிலேயே பற்றியது. கராச்சுக்குப் பம்ப் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆட்டோமின் அண்ணாவுக்கும் நாமக்கல் அண்ணாவுக்கும் மனமார்ந்த நன்றி.

ஆட்டோமின்_கோவை:

மிக்க மகிழ்ச்சி. ஒரே ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, அதையும் இன்றே செய்துவிடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது வெள்ளை ஒயரில் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். எரியவே கூடாது. எரிந்தால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, இழுக்கும் காயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கிறது என்று பொருள், உடனே அணைத்துவிடுங்கள். ஹூஸ்டன் நண்பரும் பாருங்கள். உங்கள் பழைய சொலனாய்டு ஏன் போனது என்று அந்தக் கடையில் பார்த்தார்களா?

ஹூஸ்டன்_ராம்:

பார்க்கவில்லை, மாற்றிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இப்போதே லேம்ப் எடுத்துக்கொண்டு போகிறேன்.